கரண்ட் வைத்தால் தொடை வலுவாகுமா, பயிற்சி செய்துதான் ஆகணுமா?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. ஐந்து வாரத்துக்கு முன் கோயம்புத்தூரில் வலது முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஆட்டோ பிடித்துப் போய் 'கரண்ட் வைத்துக்கொண்டு' வருகிறார். பயிற்சி சொன்னால் 'வலிக்குது' என்று விட்டுவிடுகிறார். ஆன்லைனில் ஒரு டென்ஸ் மெஷினும் வாங்கியாயிற்று. அதைத் தினமும் தொடையில் வைத்தால் பயிற்சிக்குப் பதிலாகுமா? கோவையில் வேலை பார்க்கும் தம்பி, ஜிம்மில் மின்சார உடுப்பு மாட்டி 20 நிமிடத்தில் உடம்பை ஏற்றலாம் என்கிறானே, அது நிஜமா?

முதலில் அந்த டென்ஸ் மெஷின். அது தொடையை வலுவாக்காது. அதன் குறை இல்லை, அது செய்யப்பட்டதே வேறு வேலைக்கு. டென்ஸ் என்பது வலியைக் குறைக்கும் கருவி. தோலுக்கடியில் இருக்கும் உணர்வு நரம்பைச் சுரசுரவென்று தூண்டி, வலிச் சேதி மேலே போவதை அமுக்குகிறது. துடிப்பு நீளம் சுமார் 50 முதல் 200 மைக்ரோசெகண்ட் வரை இருக்கும், விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தசையை வலுவாக்கும் கருவிக்கு 'மசில் ஸ்டிமுலேட்டர்' என்று பெயர். அதில் துடிப்பு 200 முதல் 400 மைக்ரோசெகண்ட், வினாடிக்கு 50 முதல் 75 தடவை. முக்கியமாக அது விட்டுவிட்டு ஓட வேண்டும்: 10 வினாடி தசையை இறுக்கி, 30 முதல் 50 வினாடி ஓய்வு. ஓய்வில்லாமல் இறுக்கினால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே தசை சோர்ந்துபோகும். அப்புறம் கரண்ட் ஓடும், வேலை நடக்காது.

பிசியோ சென்டரில் வைப்பதும் எதுவென்று கேட்டுப் பாருங்கள். நான்கு பட்டையை முட்டியைச் சுற்றி ஒட்டி, 'எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா அம்மா?' என்று கேட்டுவிட்டு 15 நிமிடம் விட்டுவிடுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் ஐ.எஃப்.டி. எனப்படும் இன்டர்ஃபெரன்ஷியல் கரண்ட். அதுவும் வலிக்குத்தான். வலி குறைந்ததும் கால் லேசானதுபோல் தோன்றும், அதைப் பலம் வந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொள்வது சகஜம். தொடைத் தசை கல்லு மாதிரி எழும்பி, முட்டிச் சில்லு மேலே இழுபட்டு, குதிகால் தானாக முன்னே உந்துகிறதா? அப்படியானால்தான் பலத்துக்கான கரண்ட். 'கரண்ட் வைப்பது' என்ற ஒரே பேரில் நம் ஊரில் நாலைந்து வேறு வேறு சிகிச்சை ஓடுவதால் வரும் குழப்பம் இது.

இனி உண்மையான மசில் ஸ்டிமுலேட்டருக்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம்.

நாமாக முட்டியை நீட்டும்போது மூளை எல்லா நாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதில்லை. முதலில் சின்ன நரம்பணுக்கள், அவற்றோடு சேர்ந்த மெதுவான, சீக்கிரம் களைக்காத நார்கள். பாரம் கூடக்கூடத்தான் பெரியவை வரும். எல்வுட் ஹென்னிமன் என்ற அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி 1960-களில் நிறுவிய ஒழுங்கு இது. ஒரு கூட்டம் களைத்தால் அடுத்த கூட்டம் கை மாற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் இந்த வரிசை கிடையாது. பட்டைக்குக் கீழே எந்த நரம்புக் கிளை ஓடுகிறதோ அதனோடு சேர்ந்த நார்கள், சின்னது பெரியது பாராமல், எல்லாம் ஒரே தாளத்தில் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் அதே நார்கள்தான். மாற்று ஆள் இல்லாததால் சீக்கிரம் களைப்பு. ஆழத்தில் இருக்கும் தசை எட்டாமலே போகலாம், மேலே கொழுப்பு கனமாக இருந்தால் இன்னும் மோசம். சமநிலை, எந்த நேரத்தில் எவ்வளவு இறுக்குவது என்ற கணக்கு, இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து வேலை செய்வது, இவற்றில் எதையும் கரண்ட் கற்றுக்கொடுக்காது. மாடிப்படி ஏறத் தேவையானது பலம் மட்டுமில்லை, இந்தக் கணக்கும்தான்.

நரம்பும் மூளையும் சரியாக இருக்கும் ஆளுக்கு, ஆரோக்கியமான தொடைக்கு, பாரம் வைத்துச் செய்யும் பயிற்சியே மேல். 2005-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்த முடிவும் இதுதான். 1970-களில் சோவியத் ரஷ்யாவின் யாகோவ் கோட்ஸ் விளையாட்டு வீரர்களுக்கு 10 வினாடி இறுக்கம், 50 வினாடி ஓய்வு, 10 முறை என்று கொடுத்து 40 சதவீதம் வரை பலம் கூடியதாகச் சொன்னார். 1977-ல் மான்ட்ரியலில் அவர் பேசிய பிறகு உலகம் முழுக்க 'ரஷ்யன் கரண்ட்' பரவிற்று. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவு கிடைக்கவில்லை. அவர் வகுத்த 10-50-10 கணக்கு மட்டும் இன்றைக்கும் நிற்கிறது.

உங்கள் அம்மா விஷயம் வேறு. முழங்காலைத் திறந்து ஆபரேஷன் செய்த பிறகு தொடை முன்தசை, அதாவது குவாட்ரிசெப்ஸ், முதல் ஒரு மாதத்தில் ஆபரேஷனுக்கு முன்பிருந்த பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது. அளந்து பார்த்த ஆய்வுகளில் சுமார் 60 சதவீதம். தசை மெலிந்தது அதில் ஒரு பங்குதான். பெரும்பங்கு, மூளையின் உத்தரவு தசைக்கு முழுசாகப் போய்ச்சேராதது. மூட்டுக்குள் நீர் கோத்தால் முதுகுத்தண்டு மட்டத்திலேயே குவாட்ரிசெப்ஸுக்குப் போகும் சிக்னல் அடைக்கப்படுகிறது. நல்ல முட்டியில் 20, 30 மில்லி உப்புநீரை ஊசியால் ஏற்றினாலே உள்பக்கத் தசை மந்தமாகிவிடும், வலியே இல்லாவிட்டாலும். தோட்டத்தில் மோட்டார் நன்றாக இருக்கும், ஸ்டார்ட்டர் இழுக்காது, அப்படி. மோட்டாரைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. அம்மா 'முடியல' என்பது சோம்பேறித்தனம் இல்லை என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் கரண்ட் உண்மையிலேயே கைகொடுக்கிறது. மூளையைச் சுற்றிக்கொண்டு நேராக நரம்பைத் தட்டி எழுப்புகிறது. 1995-ல் வந்த ஆய்வு ஒன்று, முழங்கால் ஏசிஎல் தசைநார் ஆபரேஷன் ஆன 110 பேரைப் பார்த்தது. பலமான கரண்ட் வாங்கியவர்களின் தொடை நான்கு வாரத்தில் நல்ல காலின் 70 சதவீதத்தை எட்டியது. கடுமையான பயிற்சி மட்டும் செய்தவர்கள் 57. வீட்டில் வைக்கும் லேசான கரண்ட் வாங்கியவர்கள் 51. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: சுகமாக இருக்கும் அளவில் வைத்த கரண்ட், பயிற்சியை விடக் கீழே போய்விட்டது.

முட்டி மாற்று ஆபரேஷனுக்கே இரண்டு ஆய்வுகள் உண்டு, இரண்டும் எதிரெதிராகச் சொல்வதுபோல் இருக்கும். 2012-ல் வந்ததில் 66 பேர். ஆபரேஷன் முடிந்த 48 மணி நேரத்தில் கரண்ட் தொடங்கி, தினம் இரண்டு வேளை, வேளைக்கு 15 இறுக்கம், ஆறு வாரம், வழக்கமான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் மூன்றரை வாரத்திலும் முன்னே, ஒரு வருடம் கழித்தும் முன்னே. 2009-ல் வந்ததில் 200 பேர். மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் தொடங்கினார்கள், எல்லோருக்கும் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் கடுமையான பயிற்சி, பாதிப் பேருக்குக் கூடுதலாகக் கரண்ட். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. என் வாசிப்பில் இவை முரண்படவில்லை. உத்தரவு அடைபட்டிருக்கும் முதல் வாரங்களில் கரண்டுக்கு வேலை இருக்கிறது. அடைப்பு விலகி, பாரம் தூக்க ஆரம்பித்த பிறகு அது உபரி. உங்கள் அம்மா ஐந்தாம் வாரத்தில் இருக்கிறார். அடைப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, அதை வீட்டிலேயே பார்க்கலாம்.

அம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்று வைத்து, முட்டி தானாக எவ்வளவு நீளுகிறது என்று பக்கவாட்டில் நின்று கவனித்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு துண்டை எடுத்துவிட்டு, தொடையை இறுக்கி, முட்டியை நீட்டி, காலை அப்படியே ஒரு சாண் உயர்த்தச் சொல்லுங்கள். இன்னொரு படம். முதல் படத்தில் இருந்த அதே நேர்கோட்டில் கால் எழும்பினால் உத்தரவு போய்ச்சேருகிறது. குதிகால் எழுவதற்கு முன் முட்டி மடங்கி, கால் தொங்கினால் இன்னும் அடைப்பு. தொங்கும் ஆளுக்குக் கரண்டும் பயிற்சியும் சேர்த்து. தொங்காத ஆளுக்கு நேரத்தையும் ஆட்டோ காசையும் பயிற்சியில் போடுங்கள்.

கரண்ட் வைக்க வேண்டியிருந்தால், எங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலன் இல்லை என்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எண்ணெய். நம் பக்கத்தில் கால் வலி என்றால் முறிவெண்ணெயோ வேறு தைலமோ தேய்க்காத வீடு இல்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் பட்டை ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் கரண்ட் முழுதும் குவிந்து ஊசியாய்க் குத்தும். உடனே 'அம்மாவுக்குக் கரண்ட் ஒத்துக்கல' என்று முடிவு கட்டிவிடுவார்கள். கரண்ட் வைக்கும் நாளில் தைலத்தைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். தொடையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோலை உலர்த்திச் சொரசொரப்பாக்கிவிடும். அப்போது பட்டை ஒட்டும் இடத்தை ஈரத்துணியால் லேசாக நனைத்துக்கொண்டால் கரண்ட் சீராக இறங்கும்.

பட்டையின் அளவு. மெஷினோடு வரும் நாலு செ.மீ. சதுரப் பட்டை தொடைக்குப் போதாது. தசை இறுகுவதற்கு முன்பே தோல் எரியும். 5-க்கு 9 செ.மீ., அல்லது அதைவிடப் பெரியது வாங்குங்கள். ஒன்றை முட்டிச் சில்லுக்கு நான்கு விரல்கடை மேலே, உள்பக்கத் திரட்சியின் மீது. இன்னொன்று தொடையின் மேல்பகுதியில், முன்பக்கம் சற்று வெளியே தள்ளி. இரண்டையும் கிட்டக்கிட்ட வைத்தால் கரண்ட் தோலோடு ஓடிவிடும், ஆழமாக இறங்காது. தையல் தழும்பிலிருந்து சில செ.மீ. விலக்கியே ஒட்டவும். காயம் முழுதாக மூடாமல் நீர் கசிந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

உட்காரும் விதம். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வைப்பதைவிட, நாற்காலியில் உட்கார்ந்து, முட்டி கொஞ்சம் மடங்கி, கணுக்காலை ஒரு துணிப்பட்டையால் நாற்காலிக் காலோடு கட்டி வைத்தால் தசைக்கு எதிர்ப்பு கிடைக்கும். எவ்வளவு மடக்கலாம் என்பதை உங்கள் பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு. மில்லியாம்பியர் எண்ணைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, தசை எவ்வளவு இழுக்கிறது என்பதே கணக்கு. இதற்கு லட்ச ரூபாய் மெஷின் தேவையில்லை. தேங்காய், வாழைத்தார் எடை போடக் கொக்கியில் மாட்டும் டிஜிட்டல் தராசு உங்கள் ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். அதை நாற்காலியின் பின்காலில் கட்டி, கொக்கியை அம்மாவின் கணுக்கால் பட்டையில் மாட்டுங்கள். முதலில் நல்ல காலால் முன்னே உந்தச் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஆபரேஷன் ஆன காலால். மூச்சைப் பிடிக்காமல், வலி அனுமதிக்கும் வரைக்கும். உதாரணமாக இடது கால் 14 கிலோ, வலது 6. இப்போது அம்மா ஒன்றும் செய்யாமல் இருக்க, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தராசு 1 கிலோ காட்டும் இடத்தில் 'போதும்' என்பார். அது ஆறில் ஒன்று. அந்த அளவில் ஆறு மாதம் வைத்தாலும் பலம் வராது. 2, 3 கிலோவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு வாரம் பழக்கம் தேவை: மூன்று நாலு இறுக்கத்துக்கு ஒருமுறை ஒரு புள்ளி கூட்டுவது, கூட்டும் குமிழை அம்மா கையிலேயே கொடுத்துவிடுவது. பயம் பாதி குறையும். கரண்ட் ஏறி நிற்க 2, 3 வினாடி எடுத்துக்கொள்ளும்படி மெஷினில் வைத்தால் 'வெடுக்'கென்ற அதிர்ச்சி இருக்காது.

பிறகு முக்கியமான ஒன்று. கரண்ட் இறுக்கும்போது அம்மாவும் சேர்ந்து இறுக்க வேண்டும். சீரியல் பார்த்துக்கொண்டு காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. 10 முதல் 15 இறுக்கம், 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரம் மட்டும் டிவியை அணைக்கலாம்.

உள்ளே உலோக மூட்டு இருக்கிறதே, கரண்ட் ஆகுமா? இருபக்கமும் சமமாக ஓடும் துடிப்புக் கரண்டுக்கு அதனால் தடையில்லை. ஒரே திசையில் ஓடும் கால்வனிக் கரண்டும், ஷார்ட்வேவ் வெப்ப சிகிச்சையும்தான் உலோகம் உள்ள இடத்தில் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இதய டாக்டர் சொல்லாமல் எதுவும் கூடாது. கழுத்தின் முன்பக்கம், கட்டி உள்ள இடம் கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் கரண்டும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் இன்னொன்று: பட்டை ஒட்டும் இடத்தில் பஞ்சால் வருடியும், குளிர்ந்த டம்ளரை வைத்தும் கண்ணை மூடிச் சொல்லச் சொல்லுங்கள். உணர்ச்சி மங்கிய தோலில் கரண்ட் சுட்டாலும் தெரியாது.

இனி பயிற்சி. கால் நேராக எழும்பும் நிலைக்கு வந்துவிட்டால் இதுதான் முழுநேர மருந்து. 'வலிக்குது' என்று அம்மா விடுவது பெரும்பாலும் அளவு தெரியாமல் செய்வதால். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். இருக்கை 50 செ.மீ. உயரம், தேவையானால் மேலே மடித்த கம்பளி. கை ஊன்றாமல் 8 முறை, மூன்று சுற்று, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. எல்லோரும் செய்யும் திருட்டுத்தனம் ஒன்று உண்டு: நல்ல காலில் பாரத்தைப் போட்டு எழுந்துவிடுவார்கள், பார்க்கிறவருக்குத் தெரியாது. நல்ல காலை ஒரு ஜாண் முன்னே தள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஏமாற்ற வழி இருக்காது. மாதக்கணக்கில் 'தினம் பயிற்சி செய்றேன்' என்றும் தொடை ஏறாதவர்களிடம் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, உட்கார்ந்து முட்டியை நீட்டுவது. பழைய பேன்ட்டின் காலை வெட்டி மணல் நிரப்பித் தைத்தால் கணுக்காலில் கட்டும் பாரம் தயார், எடையை அதே தராசில் பார்த்துக்கொள்ளலாம். அரைக் கிலோவில் ஆரம்பம். 12 முறை, மூன்று சுற்று முடித்தும் கடைசி இரண்டு கஷ்டமாகத் தோன்றவில்லையென்றால் அடுத்த வாரம் அரைக் கிலோ கூட்டுங்கள். பாரத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையை 50, 100 என்று கூட்டிக்கொண்டே போவதில் களைப்புத் தாங்கும் சக்தி வருமே தவிர பலம் மந்தமாகத்தான் ஏறும். மூன்றாவது, படி ஏறி இறங்குவது: 10 செ.மீ. உயரப் பலகையில் தொடங்கி, வாசல்படி 15-க்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு. பாரப் பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நடுநாளில் நடை, முட்டியை மடக்கி நீட்டுவது. குத்தவைப்பது, சம்மணம் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வராது, அதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வலிக்கு ஒரு அளவுகோல்: செய்யும்போது வரும் தசை எரிச்சல் பரவாயில்லை. மறுநாள் காலையில் தையல் டேப்பால் சில்லின் நடுவில் சுற்றளவு எடுங்கள். முந்தின நாளைவிட ஒரு செ.மீ. கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது, பாரத்தைக் குறைத்துக் காலை உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம். வீக்கம் கூடினால் ஸ்டார்ட்டர் மறுபடி அடைக்கும் என்பது நினைவிருக்கட்டும். சாப்பாட்டில் முட்டையோ, பயறோ, மத்தி மீனோ தினம் இருக்கட்டும், வெறும் கஞ்சியில் தசை ஏறாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தராசை மாட்டுங்கள். வலது கால் இடதின் 80 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டால் படியை ஒற்றைக்காலாய் ஏறுவதில் பயம் விலகும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் நகரவேயில்லை என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முட்டியைத் திரும்பக் காட்டுங்கள்.

தம்பியின் மின்சார உடுப்பு. கரண்ட் பெல்ட் கட்டி வயிறு குறைக்கலாம் என்று விளம்பரம் செய்தவர்கள் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2002-லேயே வழக்குப் போட்டது. உடுப்பு அந்த ரகம் இல்லை, அதில் தசை நிஜமாகவே வேலை செய்கிறது. சிக்கலே அங்கேதான். கால், வயிறு, முதுகு, கை என்று இத்தனை தசையும் ஒரே நேரத்தில், மாற்று ஆள் இல்லாத நார்களோடு இறுகுவதால் முதல் தடவையே அதிகம் வைத்தால் தசையின் நார்கள் உடைந்து உள்ளிருக்கும் சரக்கு ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகம் அடிவாங்கும். அதனால்தான் இதைப் பயன்படுத்தும் நாடுகளில் நிபுணர்கள் சொல்வது: ஒரு தடவை 20 நிமிடத்துக்கு மேல் இல்லை, முதல் எட்டு பத்து வாரம் வாரத்துக்கு ஒருமுறை மட்டும், முதல் நாள் லேசாக. ஆரோக்கியமான இளைஞனுக்கு அதே காசில் ஒரு பார்பெல்லும் ஸ்குவாட்டும் அதிகம் தரும். போயே தீருவேன் என்றால், காய்ச்சலோடோ, முந்தின ராத்திரி குடித்துவிட்டோ, தண்ணீர் குடிக்காமலோ போக வேண்டாம். முடிந்து ஒன்றிரண்டு நாளில் தசை வீங்கி, கை கால் தூக்க முடியாமல், சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய், கரண்ட் உடுப்பு போட்டதைச் சொல்லி, ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. அளவைப் பார்க்கச் சொல்லட்டும்.